ஆப்கன் பெண்பிள்ளைகளைப் பற்றி என் மாணவி மேடையில் பேசலாமா?

கேட்டவர்: கீழக்கரை டீச்சர்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம்.

கீழக்கரையில் ஒரு பெண்கள் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை தானாக வந்து, ஆப்கானிஸ்தானில் பெண்பிள்ளைகளின் படிப்பை நிறுத்தியதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று பெயர் கொடுத்தாள். நானும் சந்தோஷமாக எழுதிக்கொண்டேன். பட்டியலைப் பார்த்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "இது வேண்டாம்மா, அந்தப் பிள்ளையைப் பவளப்பாறையைப் பற்றிப் பேசச் சொல்லு. நம்ம கடல்லயே எவ்வளவோ விஷயம் இருக்கு" என்றார். மிரட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னார். யாராவது போனில் படம் பிடித்து, நடுவில் ஒரு வரியை மட்டும் வெட்டி, "பாருங்கள், இவர்கள் மதமே இப்படித்தான்" என்று போட்டுவிட்டால் என்ன செய்வது என்பது அவர் பயம்.

அந்தப் பயம் பொய்யில்லை. 2021 ஆகஸ்ட் 15 அன்று தாலிபான் காபூலுக்குள் வந்தார்கள். அந்த வாரம் ராமநாதபுரம் போகும் பஸ்ஸில், என் புர்காவைப் பார்த்துவிட்டு, பின் சீட்டில் இருந்த ஒருவர் "உங்க ஆளுங்க ஆட்சி வந்துடுச்சு போல" என்றார். காபூல் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்கு அன்று சரியாகத் தெரியாது. அங்கே நடக்கும் ஒவ்வொன்றுக்கும் இங்கே நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால்தான் எங்களில் பலர் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. எடுத்தால் எதிராளிக்கு ஆயுதம் கொடுத்ததாகிவிடும் என்ற எண்ணம்.

ஆனால் இந்தப் பிள்ளை கேட்ட கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. "டீச்சர், நாம பேசலைன்னா, அவங்க செய்யறது சரின்னு நாம நினைக்கிறோம்னு ஆகாதா?"

அவளுக்காகப் படிக்க ஆரம்பித்தேன். 2022 மார்ச் 23 அன்று உயர்நிலைப் பள்ளிகள் திறக்கும் என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு போய் வகுப்பில் உட்கார்ந்தும்விட்டார்கள். சில மணி நேரத்தில் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சீருடை முடிவாகவில்லை, மார்க்கத்துக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்த பிறகு கூப்பிடுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். இன்றுவரை கூப்பிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகத்தையும் பெண்களுக்கு மூடினார்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் படிக்கக் கூடாது என்று அரசே தடுக்கும் நாடு உலகத்தில் அது ஒன்றுதான். வேறு எந்த முஸ்லிம் நாட்டிலும் இப்படி இல்லை. அந்தத் தடை மார்க்கச் சட்டத்துக்கு முரணானது என்று எகிப்தில் இருக்கும் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகத்தின் தலைமை இமாம் அஹ்மத் அல்தய்யிப் அப்போதே வெளிப்படையாகச் சொன்னார். சவூதி, துருக்கி, கத்தார் எல்லாம் கண்டித்தன.

எங்கள் ஊரை யோசித்துப் பார்த்தேன். எங்கள் உம்மா ஐந்தாவதோடு நின்றவர். பெரிய மனுஷி ஆனதும் வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். பெரியம்மாமாரும் அப்படித்தான். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அப்போது பள்ளிக்கூட வாசலில் துப்பாக்கியோடு யாரும் நிற்கவில்லை. எங்கள் வாப்பாவின் மனது மாறியது, நான் படித்தேன். 1988-இல் ஊருக்குள்ளேயே தாசீம் பீவி பெயரில் பெண்கள் கல்லூரி வந்தது. வெளியூர் அனுப்ப யோசித்த வீடுகளும் பிள்ளைகளைச் சேர்த்தன. வீட்டு வழக்கத்தோடு வாதாடலாம், அழலாம், பட்டினி கிடக்கலாம், மாமியைத் தூது விடலாம். ஒரு வீடு மாறினால் அடுத்த வீடும் மாறும். அங்கே வாப்பா படிக்க வைக்க நினைத்தாலும் முடியாது, உம்மா நினைத்தாலும் முடியாது. இதை "அவர்கள் கலாச்சாரம்" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கலாச்சாரம் என்றால் அதைக் காக்க எதற்குச் சட்டமும் சவுக்கும்?

என் கேள்வி இதுதான். பிள்ளையைப் பேச விடலாமா? விட்டால், எந்தத் தகவலில் உறுதியாக நிற்கலாம்? வெட்டி ஒட்டுகிறவர்களுக்காக அவள் என்ன கவனிக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் தயவுசெய்து கேட்காதீர்கள்.

---

தொண்டிக்காரன்:

வ அலைக்குமுஸ்ஸலாம் லாத்தா. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தாலிபானை ஆதரித்து இதைச் சொல்லவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை, அவளை எதற்கு இதில் இழுத்துவிட வேண்டும்?

இன்னொன்றும் கேட்கிறேன். அமெரிக்கா இருபது வருஷம் அந்த நாட்டில் குண்டு போட்டபோது நம் பள்ளிகளில் யாராவது பேச்சுப் போட்டி வைத்தார்களா? 2021 ஆகஸ்ட் 29, கிளம்பிப் போகிற நேரத்தில் காபூலில் ஒரு வீட்டு முற்றத்தில் டிரோன் குண்டு. பத்துப் பேர் செத்தார்கள், அதில் ஏழு பேர் குழந்தைகள். தவறு நடந்துவிட்டது என்றார்கள், அதோடு சரி. ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்த நாட்டு மத்திய வங்கியின் 700 கோடி டாலரை முடக்கி வைத்தார்கள். பசியில் கிடந்ததும் அதே பெண்பிள்ளைகள்தான். காஸாவில் பள்ளிக்கூடமே இல்லாமல் போய்விட்டது. அப்படியிருக்க, நம் பிள்ளை மட்டும் ஏன் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்? அவள் நல்ல எண்ணத்தில் பேசுவாள், பலன் வேறு யாருக்கோ போகும்.

---

வழக்கறிஞர், ராமநாதபுரம்:

டீச்சர், தகவலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நான் ராமநாதபுரம் நீதிமன்றத்தில் தொழில் செய்பவள். அதனால் எனக்கு முதலில் உறைத்தது என் தொழில் சம்பந்தப்பட்டதுதான். 2021-க்கு முன் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட பெண் நீதிபதிகள் இருந்தார்கள். ஆட்சி மாறியதும் சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். அந்த நீதிபதிகள் தண்டனை கொடுத்து உள்ளே அனுப்பிய ஆட்களே வெளியே வந்து அவர்களைத் தேடினார்கள். பலர் வீடு மாறி வீடு ஒளிந்து, நாட்டைவிட்டுப் போனார்கள். வழக்கறிஞர் சங்கத்தை நீதி அமைச்சகம் எடுத்துக்கொண்டது. பெண்களுக்கு உரிமம் கிடையாது. கணவன் அடித்தால் ஒரு பெண் யாரிடம் போய் மனு எழுதச் சொல்வாள்? நான் தினமும் என் மேசைக்கு எதிரில் பார்க்கிற பெண்களை அங்கே நிறுத்திப் பார்க்கிறேன். மனது தாங்கவில்லை.

பிள்ளை படிப்பைப் பற்றி மட்டும் பேசினாலும், அதைச் சுற்றியிருக்கும் வலையைக் கொஞ்சம் காட்ட வேண்டும். பெண்கள் நல அமைச்சகம் இருந்த கட்டடத்தில் இப்போது இருப்பது நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் அமைச்சகம். 2021 டிசம்பரில் ஒரு உத்தரவு: 72 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டுமானால் பெண்ணோடு நெருங்கிய ஆண் உறவினர் இருக்க வேண்டும். கீழக்கரையிலிருந்து மதுரைக்கு நீங்கள் தனியாகப் பஸ் ஏற முடியாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், சட்டென்று புரியும். 2024 ஆகஸ்டில் 35 பிரிவுகள் கொண்ட ஒழுக்கச் சட்டம் வந்தது. பெண்ணின் குரலே மறைக்க வேண்டியது என்கிறது அது. உயிருள்ளவற்றின் படத்தை வெளியிடவும் அதில் தடை இருக்கிறது.

கஷ்டம் ஆண்களுக்கும்தான். பழைய அரசில் வேலை பார்த்தவர்களுக்குப் பொதுமன்னிப்பு என்று அறிவித்தார்கள். ஆனால் 2023 நடுப்பகுதி வரைக்குமே அப்படிப்பட்டவர்களில் குறைந்தது 218 பேர் விசாரணை இல்லாமல் கொல்லப்பட்டதாக ஐ.நா. குழு பதிவு செய்திருக்கிறது. பெண்கல்விக்காக ஊர் ஊராகப் போன மதியுல்லா வெசாவை 2023 மார்ச்சில் பிடித்து ஏழு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள்.

சட்டக் கதவு ஒன்று திறந்திருக்கிறது. 2025 ஜூலை 8 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் தாலிபான் தலைவர் ஹிபத்துல்லா அகுந்த்ஸாதாவுக்கும் தலைமை நீதிபதி அப்துல் ஹக்கீம் ஹக்கானிக்கும் பிடியாணை போட்டது. பாலின அடிப்படையில் துன்புறுத்தியது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்பது குற்றச்சாட்டு. ஆப்கானிஸ்தான் 2003-இல் தானே சேர்ந்த நீதிமன்றம் அது. தாலிபான் அதை ஏற்கவில்லை. நாளைக்கே யாரையும் பிடித்துவிட மாட்டார்கள், பிள்ளைக்குப் பொய் நம்பிக்கை கொடுக்காதீர்கள். இந்தியா அந்த நீதிமன்றத்தில் உறுப்பு நாடு இல்லை என்பதையும் அவள் தெரிந்து வைத்திருக்கட்டும். யாராவது கேள்வி கேட்டால் திணறக் கூடாது.

தொண்டிச் சகோதரருக்கு: நீங்கள் சொன்ன டிரோன் தாக்குதலும் கொலைதான். அதை அவள் பேச்சில் சேர்க்கட்டும். ஒன்றைச் சொன்னால் இன்னொன்று அழிந்துபோகாது. ஆனால் மேலைநாட்டுச் சரக்கு என்று மனித உரிமையை யாராவது ஒதுக்கினால் மட்டும் விடாதீர்கள் டீச்சர். 1948 டிசம்பர் 10 அன்று ஐ.நா.வின் உலக மனித உரிமைப் பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் ஆப்கானிஸ்தானும் ஒன்று. "எல்லா ஆண்களும்" என்று தொடங்கவிருந்த வரியை "எல்லா மனிதர்களும்" என்று மாற்ற வைத்தவர் நம் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. திருமணத்தில் பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்ற பிரிவுக்காக நின்றவர் பாகிஸ்தான் பிரதிநிதி ஷாயிஸ்தா இக்ரமுல்லா, ஒரு முஸ்லிம் பெண். இவர்கள் கையும் பட்ட பிரகடனம் அது.

---

பெரியபட்டினம் காக்கா:

டீச்சரம்மா, நான் பெரிய படிப்பு படித்தவன் இல்லை. துபாயில் ஒரு குடோனில் கடைசி வரைக்கும் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவன். அங்கே எங்களுக்கு டிரைலர் ஓட்டியவர் ஆப்கானிஸ்தானில் நங்கர்ஹார் பக்கத்து ஆள். நாங்கள் கான் சாப் என்று கூப்பிடுவோம். ஐந்து வேளைத் தொழுகை, நீண்ட தாடி, பார்த்தால் முரட்டு ஆள். நம்ம ஆட்கள் அவரைத் தாலிபான் என்று கேலி செய்வார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

அவர் குடும்பத்தைப் பெஷாவரில் வைத்திருந்தார். காரணம் மூத்த மகள் படிப்பு. ஊரில் இருந்தால் பள்ளி இல்லை என்று பாகிஸ்தானில் வாடகைக்கு வீடு எடுத்து, சம்பளத்தில் பாதியை அங்கே அனுப்புவார். மகள் வாங்கிய மார்க்கை என்னிடம் போனில் காட்டுவார். உருதில் இருக்கும், எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் காட்டுவார். கணக்கில் கெட்டிக்காரி. 2023 கடைசியில் பாகிஸ்தான் பேப்பர் இல்லாத ஆப்கானியர்களை எல்லாம் திருப்பி அனுப்ப ஆரம்பித்தது. வீட்டுச் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு தூர்க்கம் எல்லை வழியாக அந்தக் குடும்பமும் போனது. அன்றைக்கு அவர் வேலைக்கு வந்தார், டிரைலரை எடுத்தார், யாரோடும் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஹிந்தியில் ஒன்றே ஒன்று சொன்னார்: "பாய், என் மகளுக்குப் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எவன் சொல்கிறானோ அவனுக்கு என் மகள் பெயர்கூடத் தெரியாது."

நான் ஊருக்கு வந்த பிறகும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். 2025 செப்டம்பர் கடைசியில் அந்த நாடு முழுக்க இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாள் போனும் போகவில்லை. கான் சாப் துபாயில் இருந்துகொண்டு, வீட்டில் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் எனக்குப் போன் அடிக்கிறார். நான் பெரியபட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வேன்? துவா செய்தேன். மகள் இப்போது வீட்டில் தம்பி தங்கச்சிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம். போனில்தான் அவளும் ஏதோ படிக்கிறாள். அந்த இரண்டு நாள் அதுவும் இல்லை.

தொண்டித் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் தம்பி, நீங்கள் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்திருந்தால், பலன் யாருக்குப் போகும் என்று கணக்குப் பார்த்திருக்க மாட்டீர்கள். தாடி வைத்த ஒவ்வொருத்தனும் மகளைப் பூட்டி வைக்கிறவன் இல்லை என்று எங்கள் பிள்ளை ஒருத்தி மேடையில் சொல்லட்டுமே. கான் சாப் கதையை அவள் சொல்லலாம். பெயர் போடாமல் சொல்லட்டும்.

---

கீழக்கரை டீச்சர்:

காக்கா, உங்கள் பதிலை வாசித்துவிட்டு அழுதுவிட்டேன். அல்லாஹ் அந்தப் பிள்ளைக்கு வழி திறக்கட்டும்.

தொண்டிச் சகோதரருக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஏன் இதையே" என்று கேட்டீர்கள். அவளுக்குப் பதினாறு வயது, அவளும் ஒரு முஸ்லிம் பெண், அங்கே மூடியிருப்பது அவள் வயதுப் பிள்ளைகளின் பள்ளி. இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. போன ஆண்டு காஸாவைப் பற்றிப் பேசிய பிள்ளையிடம் "ஏன் ஆப்கானிஸ்தானைப் பேசவில்லை" என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொன்று. தாலிபான் என் மார்க்கத்தின் பெயரில் இதைச் செய்கிறார்கள். நபிகளின் மனைவி ஆயிஷா நாயகி அறிவித்த ஹதீஸ்கள், அதாவது நபிமொழிகள், 2,210 என்று எங்கள் மதரஸாவில் படித்தேன். நபித்தோழர்கள் சந்தேகம் கேட்டு அவர்கள் வாசலுக்கு வந்தார்கள். பெண் குரல் மறைக்க வேண்டியது என்று அன்று யாராவது முடிவு செய்திருந்தால் அந்த 2,210-இல் ஒன்றாவது நமக்கு வந்திருக்குமா? எங்கள் ஊரிலேயே மெய்ஞ்ஞானப் பாடல் எழுதிய ஆசியா உம்மா இருந்தார். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார், வீடு பெண்ணுக்கு. இதெல்லாம் மார்க்கத்தோடு சேர்ந்துதான் இந்தக் கடற்கரையில் இத்தனை தலைமுறை இருந்திருக்கிறது. காந்தஹாரில் இருக்கும் தாலிபான் தலைவர் இதுதான் இஸ்லாம் என்று சொன்னால், இல்லை என்று சொல்லும் உரிமை பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தவரைவிட எனக்கும் என் மாணவிக்கும்தான் அதிகம். நாங்கள் சும்மா இருந்தால் அந்த இடத்தை அவர் எடுத்துக்கொள்வார், எங்களையும் அதில் சேர்த்து வைத்துப் பேசுவார்.

பேசினால் எதுவும் நடக்காது என்று பள்ளியில் சிலர் சொன்னார்கள். 2025 அக்டோபரில் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். தாலிபான் வெளியுறவு அமைச்சர் முத்தகி வந்து ஆப்கன் தூதரகத்தில் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். பெண் பத்திரிகையாளர் ஒருவர்கூட உள்ளே இல்லை. நாடு முழுக்கச் சத்தம் போட்டார்கள். இரண்டே நாளில் இன்னொரு சந்திப்பு வைத்தார்கள், பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்து, பெண்கல்வி என்ன ஆனது என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். படிப்பை ஹராம் என்று சொல்லவில்லை, அடுத்த உத்தரவு வரை தள்ளி வைத்திருக்கிறோம் என்று அவர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பதிலில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பேசியதால்தான் அந்த நாற்காலிகள் வந்தன. அவர்களுக்குள்ளேயே ஸ்தானிக்ஸாய், வெளியுறவுத் துணை அமைச்சராக இருந்தவர், டேராடூன் ராணுவ அகாதமியில் படித்தவர், 2025 ஜனவரியில் பெண்களுக்குக் கல்வியை மறுக்க எந்தச் சாக்கும் இல்லை என்று ஒரு மதரஸா விழாவில் பேசினார். அப்புறம் நாட்டைவிட்டு வெளியே போக வேண்டியதாயிற்று. அங்கே ஒரு அமைச்சருக்கே இந்த நிலை. இங்கே ஒலிபெருக்கி முன்னால் நின்று பேச முடிகிறவர்கள் பேச வேண்டாமா?

நான் முடிவுக்கு வந்துவிட்டேன் போலத் தோன்றுகிறது. ஆனாலும் அவள் பாதுகாப்பு என் பொறுப்பு. அதைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

---

மண்டபம் முகாம் அக்கா:

டீச்சர், நான் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்த பிள்ளை. மண்டபம் முகாமில் வளர்ந்தேன். எங்களைப் பற்றி மற்றவர்கள் மேடையில் பேசுவதை நிறையக் கேட்டிருக்கிறேன். அதனால் இரண்டு விஷயம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அந்தப் பிள்ளைகளைப் பரிதாபமாக மட்டும் காட்ட வேண்டாம். எங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்ணீரோடு தொடங்கிக் கண்ணீரோடு முடிப்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்கு எழுந்து போகத் தோன்றும். ஆப்கன் பெண்கள் காபூல் தெருவில் இறங்கி "நான், கார், ஆசாதி" என்று கோஷம் போட்டார்கள். ரொட்டி, வேலை, விடுதலை என்று. அடித்தார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவும் போட்டார்கள். வீட்டுக்குள் ரகசிய வகுப்பு நடத்துகிறார்கள். 2020-இல் அந்நாட்டு கிரிக்கெட் வாரியத்தின் ஒப்பந்தம் பெற்ற அவர்கள் பெண்கள் அணி ஆஸ்திரேலியாவுக்குத் தப்பிப் போய், 2025 ஜனவரியில் மெல்போர்னில் ஒரு ஆட்டம் ஆடியது. அதைச் சொல்லட்டும். பிள்ளைகள் கை தட்டட்டும்.

பாதுகாப்பைக் கேட்டீர்கள். இணையத்தில் கிடைக்கும் ஆப்கன் பிள்ளைகளின் முகம், பெயர், ரகசிய வகுப்பு நடக்கும் ஊர் எதையும் திரையில் காட்ட வேண்டாம். இங்கே எடுத்த வீடியோ எங்கே போகும் என்று நமக்குத் தெரியாது. உங்கள் மாணவி முகத்துக்கும் அதே யோசனைதான். போட்டியன்று போன் அரங்கத்துக்குள் வரக் கூடாது என்று பொதுவாக அறிவித்துவிடுங்கள், எல்லாப் பேச்சுக்கும் சேர்த்து. அவளுக்கு மட்டும் என்றால் வம்பு. முழுப் பேச்சையும் பள்ளியே பதிவு செய்து வைத்துக்கொள்ளட்டும். யாராவது வெட்டிப் போட்டால் முழுசையும் காட்டலாம். அவள் உம்மா வாப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

எனக்குள் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீட்டை இழந்தோம், காணியை இழந்தோம், ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே தமிழ்நாட்டு அரசு எங்களைப் பள்ளியில் சேர்த்தது. அந்தப் பள்ளிதான் என்னை மனுஷியாக வைத்திருந்தது. கான் சாப் மகளுக்கு வீடு இருக்கிறது, ஊர் இருக்கிறது, பள்ளி இல்லை. டெல்லியில் லாஜ்பத் நகர் பக்கம் ஆப்கன் அகதிகள் பலர் இருக்கிறார்கள். இந்தியா 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால் அவர்கள் நிலையும் தொங்கலில்தான். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஆப்கன் முஸ்லிம்களுக்கும் இடமில்லை, இலங்கைத் தமிழரான எங்களுக்கும் இடமில்லை. 2021 ஆகஸ்டில், காபூல் விழுந்த அந்த நாட்களில், ஆப்கானியர்களுக்கு ஏற்கெனவே கொடுத்திருந்த விசாக்களை இந்தியா செல்லாது என்றது. படிக்க வரவிருந்த பிள்ளைகளும் அதில் மாட்டிக்கொண்டார்கள். "படிக்க வருகிற ஆப்கன் பெண்பிள்ளைகளுக்கு விசா கொடுங்கள்" என்று ஒரு வரி உங்கள் மாணவி கேட்டால், அது நம் அரசிடம் நாம் கேட்கக்கூடிய ஒன்று. காபூலுக்கு நம் குரல் எட்டுமோ என்னவோ, டெல்லிக்கு எட்ட வேண்டும்.

---

தொண்டிக்காரன்:

லாத்தா, காக்கா, நீங்கள் சொன்னதைப் படித்தேன். பிள்ளைக்கு ஆபத்து என்ற என் பயம் போகவில்லை. ஆனால் மண்டபத்து அக்கா சொன்னபடி போன் தடை, முழுப் பதிவு, வீட்டுச் சம்மதம் மூன்றும் இருந்தால் நான் மறுக்கவில்லை. டிரோனில் செத்த அந்த ஏழு குழந்தைகளை அவள் கட்டாயம் சொல்லட்டும். அது என் கோரிக்கை.

---

ஓய்வுபெற்ற செவிலியர், தேவிபட்டினம்:

எல்லாரும் பள்ளியைப் பற்றிப் பேசிவிட்டீர்கள். நான் பிரசவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிராம சுகாதாரச் செவிலியராக இந்தக் கடற்கரை ஊர்களில்தான் என் காலம் போனது.

2024 டிசம்பரில் தாலிபான் மருத்துவப் பயிற்சி நிலையங்களையும் பெண்களுக்கு மூடிவிட்டார்கள். செவிலியர் படிப்பு, மருத்துவச்சிப் படிப்பு இரண்டும்தான் அதுவரை மிச்சமிருந்த வாசல். பல மாகாணங்களில் ஆண் மருத்துவர் பெண் நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும் விடமாட்டார்கள். பெண்ணைப் பெண்தான் பார்க்க வேண்டும், ஆனால் பெண் படிக்கக் கூடாது. அப்படியானால் இன்னும் பத்து வருஷத்தில் பிரசவம் யார் பார்ப்பது? பிரசவத்தில் தாய் சாவது உலகத்திலேயே அதிகமான நாடுகளில் அது ஒன்று. 2025 ஆகஸ்ட் 31 ராத்திரி அங்கே குனார் மாகாணத்தில் நிலநடுக்கம் வந்து 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். மீட்க வந்த ஆண்கள் பெண்களைத் தொடத் தயங்கி, அவர்களைக் கடைசியில்தான் எடுத்தார்கள் என்று செய்தி வந்தது. பெண் மருத்துவர்களும் போதவில்லை.

பிரசவத்துக்கு அப்புறம் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பனைக்குளம் பக்கம் ஒரு ராத்திரி, மழை, ஆம்புலன்ஸ் வர நேரமாகிக்கொண்டே போனது. வயிற்றின் மேல் கையை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஊசி போட்டேன். அந்தப் பெண் பிழைத்தாள். நான் ஒன்றும் பெரிய மருத்துவர் இல்லை. எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். அந்தப் பயிற்சியைத்தான் அங்கே தடை செய்திருக்கிறார்கள். அந்தத் தடையில் கையெழுத்துப் போட்டவர்களின் மனைவி மகளுக்கும் ஒருநாள் வலி எடுக்கும்.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அந்த மார்ச்சில்தான் அங்கே உயர்நிலைப் பள்ளியின் வாசலிலிருந்து பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினார்கள். நம் பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு பஸ்ஸில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வருகிறது.

டீச்சர், உங்கள் மாணவி பேச்சில் மருத்துவச்சிப் படிப்பைச் சேர்க்க வேண்டும். பள்ளியை மூடினார்கள் என்றால் சிலர் "மெதுவாகத் திறப்பார்கள்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். பிரசவம் யாருக்காகவும் காத்திருக்காது. ரத்தப்போக்கை நிறுத்த ஒரு செவிலியர் என்னென்ன செய்கிறாள் என்று அந்தப் பிள்ளைக்கு நானே சொல்லித் தருகிறேன், அவள் அதை மேடையில் தன் வார்த்தையில் சொல்லட்டும். அவள் உம்மாவோடு ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வையுங்கள். தேவிபட்டினத்தில் பஸ் ஸ்டாப்பில் இறங்கிப் பழைய நர்ஸம்மா வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.